மைல் புள்ளிகளும் முதற் பயணமும்

மொன்றியலில் வாழும் தமிழர் பலரின் பணப்பைகளில் இன்று மூன்று நான்கு அட்டைகளாவது இருக்கின்றன. பலசரக்குக் கடைக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று, பெற்றோல் நிரப்பும் இடத்துக்கு ஒன்று, வங்கி தந்த கடனட்டை ஒன்று. இவற்றுள் ஏதோ ஒன்றில் புள்ளிகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை சேர்ந்துள்ளன, அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே. சென்ற ஆண்டு எமது குடும்பம் அவ்வாறு சேர்ந்த புள்ளிகளின் துணையோடு பாரிசுக்குச் சென்று மீண்டது. அன்று முதல், பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் பலர் பாடசாலை வாசலில் என்னை நிறுத்தி, "அதை எப்படிச் செய்தீர்கள்?" என்று வினவி வருகின்றனர். குளிரில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய விடயமன்று அது. ஆகவே மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதனையே எழுதுவதெனத் தீர்மானித்தேன்.

எமது தலைமுறையினர் பலரின் முதல் வெளிநாட்டு விமானப் பயணம் ஒருவழிப் பயணமாகும். 1975ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மிராபெல் விமான நிலையமே 1997 வரை மொன்றியலின் சர்வதேச விமானங்களுக்கு உரிய நிலையமாக இருந்தது. எண்பதுகளில் ஏதிலிகளாக வந்த எம்மவர் பலர் முதன்முதலிற் கண்ட கனடிய மண் அந்த நிலையத்தின் தரைதான். அந்தச் சீட்டுக்காக ஊரில் காணி ஈடு வைக்கப்பட்டது; அம்மாவின் காப்பு விற்கப்பட்டது. பின்னர் சர்வதேச விமானங்கள் டோர்வலுக்கு மாறின. 2004ஆம் ஆண்டோடு மிராபெலில் பயணிகள் சேவை முற்றாக நின்றது. டோர்வல் நிலையமும் அதே ஆண்டில் பியர் எலியற் ட்ரூடோவின் பெயரைப் பெற்றது. இன்று எம் பிள்ளைகளுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் என்பது பாரிசிலுள்ள மாமியைப் பார்ப்பதும், இலண்டனிலுள்ள சித்தப்பாவைப் பார்ப்பதும், யாழ்ப்பாணத்திலுள்ள அம்மம்மாவைப் பார்ப்பதுமே. உறவுகள் மூன்று கண்டங்களில் சிதறியிருக்கும் குடும்பத்துக்கு விமானச் சீட்டு ஆடம்பரப் பொருளன்று. ஆனால் நால்வருக்குச் சீட்டு வாங்குவதென்றால் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும்.

மைல் புள்ளி என்னும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. பறந்த தூரத்தைக் கணக்கிட்டு வாடிக்கையாளருக்கு வெகுமதி தரும் திட்டத்தை 1979இல் ரெக்சாஸ் இன்ரர்நாஷனல் என்னும் அமெரிக்க விமானசேவை தொடக்கியது. 1981 மே முதலாம் நாள் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் தனது திட்டத்தை அறிமுகப்படுத்திய பின்னரே அது உலகெங்கும் பரவிற்று. அந்நாளில் ஒரு மைல் பறந்தால் ஒரு மைல் கணக்கில் ஏறும். அதனாலேயே அப்பெயர். கனடாவில் 1984ஆம் ஆண்டு எயார் கனடா ஏரோபிளான் என்னும் திட்டத்தைத் தொடக்கியது. இவ்விரண்டும் எமது நகரத்துக்கு உரியவை. எயார் கனடாவின் தலைமையகம் விமான நிலையத்தை அடுத்த சென் லோறன் பகுதியில் இருக்கிறது. 1997இல் எயார் கனடா, லுப்தான்சா, யுனைற்றட், தாய், ஸ்கண்டிநேவிய விமானசேவை ஆகிய ஐந்தும் கூடி ஸ்ரார் அலையன்ஸ் என்னும் கூட்டணியை அமைத்தன. அதன் பயனாக, ஒரு நிறுவனத்தில் சேர்த்த புள்ளியைக் கொண்டு மற்றொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறும் வாய்ப்புப் பெருகியது. இன்று எயார் இந்தியா, சிங்கப்பூர், துருக்கி விமானசேவைகளும் அக்கூட்டணியில் உள்ளன. இலங்கையின் ஸ்ரீலங்கன் விமானசேவை 2014இல் வேறொரு கூட்டணியான வண்வேர்ல்டில் சேர்ந்தது. இதனை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். எந்தக் கூட்டணியின் புள்ளி எம்மிடம் உள்ளதோ அந்தக் கூட்டணியின் விமானங்களையும், அத்திட்டத்தோடு தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டவற்றையுமே நாம் பயன்படுத்தலாம்.

இனி, நான் பட்டறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் அக்கா 1986இல் பாரிசுக்குச் சென்றவர். அவரை நான் 2002ஆம் ஆண்டு, போர்நிறுத்தக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒருமுறை கண்டேன். பிறகு காணவில்லை. 2014இல் அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. என்னிடம் ஒரு திட்டத்தின் அட்டை இருந்தது. ஒன்பது ஆண்டுகள் அதிற் புள்ளி சேர்த்திருந்தேன். "இருக்கட்டும், பெரிய பயணத்துக்கு உதவும்" என்று தொடாமல் வைத்திருந்தேன். நாள் குறித்த செய்தி வந்ததும் கணக்கைத் திறந்து பார்த்தேன். பூச்சியம். இடையில் ஓராண்டுக்கு மேலாக அக்கணக்கில் எவ்வித வரவுசெலவும் நிகழவில்லை என்றும், விதிகளின்படி புள்ளிகள் காலாவதியாகிவிட்டன என்றும் தொலைபேசியிற் பேசியவர் மிகுந்த மரியாதையோடு கூறினார். அறிவித்தல் பழைய முகவரிக்குப் போயிருந்தது. நாங்கள் வீடு மாறியதை அவர்களுக்கு அறிவிக்காதது என் பிழை. அந்தத் திருமணத்தை நாங்கள் ஒளித்தட்டிற் பார்த்தோம். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அத்தானின் நண்பர் ஒருவர் நின்றார்.

அன்றுதான் இந்தப் புள்ளிகள் எத்தகையவை என்று ஆராயத் தொடங்கினேன். நாம் அவற்றைச் சேமிப்பு என்று எண்ணுகிறோம். வங்கியிற் போட்ட பணத்துக்கும் இதற்கும் பெருத்த வேறுபாடு உண்டு. பணத்துக்குச் சிறிதாயினும் வட்டி சேரும். புள்ளிக்கு வட்டியில்லை. அதைவிட முக்கியமாக, ஒரு சீட்டுக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் புள்ளியைத் தந்தவரே. இன்று அறுபதினாயிரத்துக்குக் கிடைப்பது நாளை எண்பதினாயிரம் ஆகலாம். நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் எமது புள்ளி அவர்களுடைய கடன். ஏரோபிளான் 2005இல் எயார் கனடாவிலிருந்து பிரிக்கப்பட்டுப் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் உரிமை நிறுவனம் பின்னர் ஏமியா என்று பெயர் மாறியது. 2017 மே மாதத்தில், தனக்கென வேறொரு திட்டத்தைத் தொடங்கப்போவதாக எயார் கனடா அறிவித்தவுடன் ஏமியாவின் பங்கு விலை ஒரே நாளிற் பாதிக்கு மேல் சரிந்தது. ஈற்றில் 2019 ஜனவரியில் எயார் கனடாவே 450 மில்லியன் டொலர் கொடுத்து ஏரோபிளானைத் திரும்ப வாங்கிற்று. வாங்கும்போது, மக்கள் சேர்த்து வைத்திருந்து இன்னும் செலவழிக்காத மைல்களுக்கான பொறுப்பாக ஏறத்தாழ 1.9 பில்லியன் டொலரையும் ஏற்றுக்கொண்டது. கொடுத்த விலையைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட கடன்! அத்தனையும் எம்போன்றோரின் இழுப்பறைகளில் உறங்கிக் கிடந்த அட்டைகள்தாம். கடனாளி தன் கடனைக் குறைக்க வழி தேடுவது இயல்பு. ஆதலால் புள்ளியை நெடுங்காலம் பதுக்கி வைப்பவர் நட்டப்படுவார் என்பதே நான் கண்ட முடிவு. எங்கே, யாரைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்து, அதற்கு வேண்டிய அளவு சேர்த்து, சேர்ந்தவுடன் செலவழித்துவிட வேண்டும்.

காலாவதி பற்றி இன்னும் ஒன்று. 2017இல் நிறைவேறிய சட்டத்தின் மூலம் கியூபெக் மாகாணம் இத்தகைய வெகுமதித் திட்டங்களையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. அவ்விதிகள் 2019 ஆகஸ்ட் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தன. வெறுமனே காலம் சென்றுவிட்டது என்ற காரணத்துக்காகப் புள்ளிகளைப் பறித்தல் இப்போது கூடாது. எனினும், குறைந்தது ஓராண்டு கணக்கு இயங்காமற் கிடந்தால், முன்னறிவித்தல் கொடுத்து நீக்க இடமுண்டு. ஏரோபிளான் 2020இல் இந்த இயங்காக் காலத்தைப் பதினெட்டு மாதமாக வகுத்தது. ஆகவே அட்டையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பயன்படுத்துங்கள். முகவரி மாறினால் அன்றே அறிவியுங்கள்.

புள்ளிகள் சேரும் வழி மூன்று: பறத்தல், கடைகளில் அட்டை காட்டுதல், கடனட்டை. முதலிரண்டால் எமக்கு வந்தது சிறிதே. கடனட்டை வழியாகவே பெரும்பகுதி சேர்ந்தது. அதிலும், புதிதாக அட்டை எடுப்போருக்கு வங்கிகள் தரும் வரவேற்புப் புள்ளிகளே மிகுதி. இங்கேதான் பொறியும் இருக்கிறது. மாணவர்கள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டொலர் செலவுக்கு ஒரு புள்ளி எனக் கொள்வோம். 2,000 டொலர் செலவழித்தால் 2,000 புள்ளி. ஒரு புள்ளியின் பெறுமதி ஒன்றரைச் சதம் என்றால் அது 30 டொலர். அந்த 2,000 டொலரை உரிய நாளிற் கட்டாமல் ஓராண்டு நிலுவையில் விட்டால், நூற்றுக்கு இருபது வட்டியில் 400 டொலர் போய்விடும். முப்பது டொலருக்காக நானூறு டொலர் இழப்பவர் பயணம் போகவில்லை; பயணத்தை வங்கிக்கு வாங்கிக் கொடுக்கிறார். மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்ட இயலாத வீட்டில் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிடலாம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நானும் சில ஆண்டுகள் அந்த நிலையில் இருந்தவனே.

ஒரு குடும்பத்தில் நால்வரும் நான்கு இடத்தில் சிறுகச் சிறுகச் சேர்ப்பதால் பயனில்லை. ஏரோபிளானில் எட்டுப் பேர் வரை ஒரு குடும்பமாகச் சேர்ந்து புள்ளிகளை ஒன்றாக்கும் வசதி 2020 முதல் உண்டு. நானும் மனைவியும் எமது கணக்குகளை அவ்வாறு இணைத்தோம். இரண்டரை ஆண்டுகளில் 1,30,000 புள்ளிகளைத் தாண்டிற்று.

அடுத்த கேள்வி, எங்கே போவது என்பது. எல்லோரும் முதலிற் கேட்பது கொழும்புக்குப் போகலாமா என்பதே. போகலாம். ஆனால் முதற் பயணத்துக்கு அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் தூரம். 2020இல் வந்த புதிய ஏரோபிளான் உலகத்தை நான்கு வலயங்களாகப் பிரித்தது: வட அமெரிக்கா, அத்திலாந்திக், பசிபிக், தென் அமெரிக்கா. ஐரோப்பா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கு, இந்தியா, இலங்கை எல்லாம் அத்திலாந்திக் வலயத்தில் அடங்கும். வலயத்துக்குள்ளே பறக்கும் மொத்தத் தூரத்துக்கு ஏற்பப் படிகள் உண்டு. கூட்டாளி விமானசேவைகளின் சாதாரண வகுப்புக்கு அன்று அறிவிக்கப்பட்ட அட்டவணையில் ஒருவழிக்கு 4,000 மைலுக்கு உட்பட்டால் 35,000 புள்ளி. 8,000 மைலுக்கு மேற்பட்டால் 70,000 புள்ளி. அட்டவணை அதன்பின் மாற்றம் கண்டுள்ளது; இனியும் மாறும். எண்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. படிமுறையை விளங்கிக்கொண்டாற் போதும். மொன்றியலிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 3,240 மைல், பாரிஸ் 3,430 மைல். இரண்டும் முதற் படியிலேயே அடங்கிவிடுகின்றன. பிராங்பேர்ட் வழியாகச் சென்னை 8,350 மைல். இஸ்தான்புல் வழியாகக் கொழும்பு 8,680 மைல். இவை கடைசிப் படி. ஆக, ஒருவர் கொழும்பு சென்று மீளும் புள்ளியில் இருவர் பாரிஸ் சென்று மீளலாம்.

புள்ளியைக் கொடுப்பதா பணத்தைக் கொடுப்பதா என்று தீர்மானிக்க எளிய கணக்கு ஒன்றுண்டு. சீட்டின் பண விலையிலிருந்து, புள்ளிச் சீட்டுக்கும் கட்டவேண்டிய வரியைக் கழியுங்கள். மிகுதியைப் புள்ளியின் தொகையால் வகுங்கள். எமது பாரிஸ் சீட்டின் விலை அன்று 940 டொலர். புள்ளியிற் பெற்றால் 62,000 புள்ளியும் 170 டொலர் வரியும். 940இல் 170 போனால் 770. அதை 62,000ஆல் வகுத்தால் புள்ளிக்கு ஒன்றேகாற் சதத்துக்குச் சற்றுக் குறைவு. சிறந்த பெறுமதி என்று சொல்ல முடியாது. ஒரு சதத்துக்குக் கீழே வந்தால் பணம் கொடுத்து வாங்குவதே மேல் என்பது என் எண்ணம். இந்தக் கணக்கை எங்கள் வீட்டிற் செய்தவள் உயர்நிலைப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் மகள். நிறுவனத்தின் விதிகளைப் பிரெஞ்சில் வாசித்து எமக்குத் தமிழிற் சொன்னவளும் அவளே. பெற்றோர் இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். தமிழ்ப் பாடசாலையிற் படித்தது எங்கே பயன்படுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி.

இனி இருக்கை தேடுதல். புள்ளிக்கு விடப்படும் இருக்கைகள் எல்லா விமானத்திலும் எல்லா நாளிலும் கிடைப்பதில்லை. விற்காமற் போகக்கூடிய இருக்கைகளையே நிறுவனங்கள் குறைந்த புள்ளிக்கு விடுகின்றன. எமது நாட்களோ எல்லோரும் பறக்க விரும்பும் நாட்கள். கியூபெக்கில் பாடசாலை யூன் பிற்பகுதியில் மூடும். யூலையின் கடைசி இரு வாரங்கள் கட்டடத் தொழிலாளர் விடுமுறை; மாகாணமே புறப்பட்டுப் போகும் காலம். அதே வேளையில் நல்லூர்க் கொடியேற்றமும் வந்துவிடும். இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சூரிச் எங்குமிருந்து எம்மவர் கொழும்பை நோக்கிப் பறப்பர். அக்காலத்தில் நான்கு வெகுமதி இருக்கைகளை ஒரே விமானத்தில் தேடுவது வைக்கோற் போரில் மூக்குத்தி தேடுவதாகும். ஆகவே நாளை முதலில் முடிவு செய்து இருக்கை தேடாதீர்கள். இருக்கை எந்நாளில் உண்டு என்று பார்த்து அதற்கேற்ப நாளை அமையுங்கள். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே இருக்கைகள் திறக்கப்படுகின்றன. அப்பொழுது தேடுபவருக்கும், புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கையில் தேடுபவருக்குமே வாய்ப்பு மிகுதி, இடையில் வறட்சி.

திருமணத்துக்குப் போகிறவர் என்ன செய்வார்? முகூர்த்தத்தை விமான நிறுவனத்திடம் கேட்டு வைக்க முடியாதே. சென்ற ஆண்டு அக்காவின் இளைய மகளுக்கு ஆவணியில், செப்ரெம்பர் முற்பகுதியில், நாள் வைத்தார்கள். செய்தி கிடைத்த அன்றிரவே மகள் தேடத் தொடங்கினாள். நான்கு இருக்கை எந்த நாளிலும் இல்லை. ஒருவருக்கு இருக்கிறது, இருவருக்கு இருக்கிறது, நால்வருக்கு இல்லை. நால்வர் என்று கேட்டால் இல்லை என்றே விடை வரும்; இருவர் என்று கேட்டாற்றான் வழி திறக்கும் என்பதை அப்போது கற்றோம். புதன்கிழமை விமானமொன்றில் இருவருக்குப் புள்ளியிற் கிடைத்தது. மனைவிக்கும் மகளுக்கும் அதனைப் பதிந்துவிட்டு, அதே விமானத்தில் எனக்கும் மகனுக்கும் பணம் கொடுத்து வாங்கினோம். பாடசாலை தொடங்கிவிட்ட காலமாதலால் விலை கோடையைவிடத் தணிந்திருந்தது. பிள்ளைகளுக்கு நான்கு நாள் பள்ளி தவறிற்று. ஆசிரியர்களிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்தோம். இரண்டு பதிவிலக்கங்கள் என்பதால், விமானசேவைக்குத் தொலைபேசி எடுத்து நாங்கள் ஒரே குடும்பம் என்று குறிப்பிடச் சொன்னோம். அவ்வாறு சொல்லாவிட்டால், விமானம் இரத்தானால் ஒரு பாதியை ஒரு நாளும் மறுபாதியை மறுநாளும் அனுப்பக்கூடும்.

இலவசச் சீட்டு என்ற சொல்லை நம்பாதீர்கள். விமான நிலையக் கட்டணமும் அரச வரிகளும் எப்படியும் உண்டு. பிரான்சு 2006 முதல் விமானச் சீட்டுகளில் ஒற்றுமை வரி என ஒன்றைச் சேர்த்து அறவிடுகிறது. பிரித்தானியா 1994 நவம்பரிலிருந்து, தனது நிலையங்களிலிருந்து புறப்படும் பயணியிடம் தனி வரி பெறுகிறது. அவ்வரி தொலைதூரப் பயணத்துக்கு மிக அதிகம். சாதாரண வகுப்பில் பயணம் செய்யும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2016 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே இலண்டனிலிருந்து திரும்புவதைவிடப் பாரிசிலிருந்து திரும்புவது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மலிவு. இலண்டனில் இறங்கி, உறவினரைப் பார்த்து, தொடருந்தில் பாரிஸ் வந்து, அங்கிருந்து மொன்றியலுக்கு ஏறுவோரும் உளர். முன்னர் எரிபொருள் மேற்கட்டணம் என்று நிறுவனமே ஒரு பெருந்தொகை சேர்ப்பதுண்டு. 2020 திருத்தத்தில் எயார் கனடா தன் விமானங்களின் வெகுமதிச் சீட்டுகளுக்கு அதனை நீக்கிற்று. வேறு திட்டங்களில் இன்னும் இருக்கலாம். பதிவதற்கு முன் இறுதித் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் பற்றிய பகுதியைப் பெற்றோர் சற்று நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். பயணச் சீட்டில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எமக்கு இது எளிதன்று. எம் மரபில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே முன்னால் நிற்கும். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் தந்தையின் பெயர். பிள்ளைகளின் குடும்பப் பெயர் என்னுடைய பெயர். மனைவிக்கோ, அவருடைய தந்தையின் பெயர். கியூபெக் சட்டப்படி 1981 ஏப்ரல் 2ஆம் நாளிலிருந்து திருமணமான பெண் தன் பிறப்புப் பெயரோடேயே சட்ட அலுவல்களைச் செய்கிறாள். எனவே நால்வர் கொண்ட வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். தாய் பிள்ளையோடு தனியாகப் பறக்கையில், "இந்தப் பிள்ளை உங்களுடையதா?" என்ற கேள்வி எழுவது இதனாலேயே. தந்தை கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருத்தல் நன்று.

நீண்ட பெயருடையோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாணவர்களே, உங்கள் கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடியில் எழுத்துகளும் கோணக் குறிகளும் நிறைந்த இரு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நாற்பத்து நான்கு இடங்கள். அவற்றுள் பெயருக்கு உரியவை முப்பத்தொன்பதே. பெயர் அதற்கு மேல் நீண்டால் வெட்டப்படும். இந்த ஒழுங்கை வகுத்தது சர்வதேசக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு. 1944 டிசெம்பரில் சிக்காகோவில் கையொப்பமான உடன்படிக்கையால் உருவான அந்த ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் தலைமையகம் எமது மொன்றியல் நகரின் நடுவில் இருக்கிறது. விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு வழங்கும் விமானசேவைகளின் சர்வதேசச் சங்கத்தின் தலைமையகமும் இங்கேயே. உலகத்தின் கடவுச்சீட்டுகளுக்கு இலக்கணம் எழுதும் ஊரில் இருந்துகொண்டு சீட்டில் பெயரைப் பிழையாக எழுதுவது அழகன்று! கடவுச்சீட்டின் அந்த வரியில் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே ஓரெழுத்தும் மாறாமற் பதியுங்கள். புள்ளிக் கணக்கிலும் அதே பெயர் இருக்கட்டும். சுருக்கப் பெயரில் அட்டை எடுத்தவர் முதலில் அதனைத் திருத்திக்கொள்வது நல்லது; பதிந்த சீட்டில் பெயர் மாற்றுவது மிகக் கடினம்.

கனடியக் கடவுச்சீட்டு உடையோருக்கு பிரான்சில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட தங்கலுக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டில் வந்திருக்கும் தாய் தந்தையரை ஐரோப்பா வழியாக அழைப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் விமானம் மாறுவதற்கே விசா கேட்கும் நாட்டவரின் பொதுப் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் வகுத்தபோது இலங்கையும் அதிற் சேர்க்கப்பட்டது. கனடாவின் செல்லுபடியாகும் விசாவோ வதிவிட உரிமையோ உடையோருக்கு விலக்குகள் உள்ளன. அவை தம் பெற்றோருக்குப் பொருந்துமா என்று தூதரகத்திற் கேட்டுத் தெளிந்த பின்னரே பாதையைத் தெரிவு செய்யுங்கள். குறைந்த புள்ளியில் அகப்பட்ட பாதை என்பதற்காக முதியவர் ஒருவரை மொழி தெரியாத நிலையத்தில் மறித்து வைக்க நேரலாகாது.

யாழ்ப்பாணத்துக்கு நேரே போகலாமா என்று ஒருவர் கேட்டார். பலாலி நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று. சென்னை வரை புள்ளியிற் சென்று, அங்கிருந்து சிறு தொகைக்குத் தனிச் சீட்டு வாங்குவது மனத்தைக் கவரும் யோசனைதான். ஆனால் இரண்டும் தனித்தனிச் சீட்டுகளாகையால் முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது காத்திராது; பணமும் திரும்பாது. பொதிகளையும் சென்னையில் எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசாவும் தேவைப்படும். இடையில் ஒரு நாளாவது விட்டுப் பதிவதே முறை.

விமானம் பிந்தினால் புள்ளியிற் பறப்பவருக்கு உரிமை இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் இலக்க ஒழுங்குவிதி, வெகுமதித் திட்டத்தின் மூலம் பெற்ற சீட்டுகளுக்கும் தான் பொருந்தும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பாரிசிலிருந்து மொன்றியலுக்குத் திரும்பும் பயணம் அதன் கீழ் வரும். ஏறும் அட்டையை வீடு வந்து சேரும் வரை எறிந்துவிடாதீர்கள்.

புதன்கிழமை இரவு புறப்பட்டு வியாழன் காலை பாரிசில் இறங்கினோம். அக்கா வாசலில் நின்றார். 2002இல் கண்டபோது கறுத்திருந்த தலைமயிர் முற்றாக நரைத்திருந்தது. என் பிள்ளைகள் அவரை முதன்முதலாக மாமி என்று அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நானே நின்றேன். மறுநாள் லா சப்பலிற் கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் அக்கா, "அடுத்த முறை எப்போது?" என்று கேட்டார். மகள் கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தாள். கணக்கில் 9,400 புள்ளிகள் எஞ்சியிருந்தன.